இந்த வீட்டுக்கு என்ன வாடகை வரும்?

சென்னையில் ஒரு வீட்டுக்குச் சொத்துவரி எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, அதை விற்றால் என்ன விலை போகும் என்று மாநகராட்சி பார்ப்பதில்லை. வாடகைக்கு விட்டால் நியாயமாக மாதம் என்ன கிடைக்கும் என்று பார்க்கிறது. 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் எழுதி வைத்த கேள்வி அது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களுக்கெல்லாம் ஒரே சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன் பிறகும் நம் கைக்கு வரும் பில் அந்த வாடகைக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. எங்கள் முகத்துவாரக்குப்பத்து வீடுகளைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் கூப்பிடு தூரம். ஆற்றுக்கு அக்கரையில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நான் இங்கேயே பிறந்தவள். அப்பா வலை போட்டார், அம்மா மீன் கூடை தூக்கினார். கத்திவாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதனால் யார் வீட்டுக்கு வரி நோட்டீஸ் வந்தாலும் அது என் வாசலுக்கு வந்துவிடும். "டீச்சர், இதுல இன்னா போட்டுக்கிறாங்கோ, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று நீட்டுவார்கள். நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். மாலையில் மீன் விற்றுவிட்டு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

கணக்கு கடினமானதல்ல. கட்டடத்தின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, அந்தத் தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை வாடகையால் பெருக்க வேண்டும். பழைய சென்னையில் 1998 சீராய்வுக்குப் பிறகு நெடுங்காலம் குடியிருப்புக்குச் சதுர அடிக்கு மாதம் 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை இந்த அடிப்படை வாடகை இருந்தது. கடைக்கும் தொழிலுக்கும் 4 ரூபாய் முதல் 12 ரூபாய் வரை. 500 சதுர அடி வீடு, தெரு விகிதம் 1 ரூபாய் 20 காசு என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 600 ரூபாய். இதை 12ஆல் பெருக்க மாட்டார்கள், 10.92ஆல் பெருக்குவார்கள். வாடகையில் பத்தில் ஒரு பங்கை மனைக்கென்று ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள கட்டடப் பங்கில் பழுதுபார்ப்புச் செலவுக்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பதால் வரும் எண் அது. 600ஐ 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு 6,552 ரூபாய்.

வீட்டுக்காரரே குடியிருந்தால் கால் பங்கு தள்ளுபடி உண்டு. அப்போது 600 என்பது 450 ஆகும், ஆண்டு மதிப்பு 4,914. அரையாண்டு வரி இந்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று விதிக்கப்படுகிறது. பழைய சென்னையின் படிநிலையில் 5,000 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சதவீதமும் ஏறிவிடும். ஆகவே, சொந்தமாகக் குடியிருக்கும் வீடு பதிவேட்டில் வாடகை வீடு என்று இருந்தால் வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் இழக்கிறார். கட்டடத்தின் வயதுக்கும் ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்று தேய்மானம் கழிக்க வேண்டும். ஓடும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட கூரைக்குச் சலுகை உண்டு. விகிதங்கள் பகுதிக்குப் பகுதி மாறலாம், முறை இதுதான்.

நோட்டீஸ் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி அல்ல. உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது. பள்ளியில் வாங்கிய பழைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் அளப்பேன். எங்கள் குப்பத்து வீடுகளை மேலிருந்து பார்த்து அளக்க முடியாது. வலை உலர்த்தவும் பின்னவும் வாசலில் போட்ட கொட்டகை, என்ஜினை வெயில் படாமல் வைக்கும் தகர மறைப்பு, மீன் காயவைக்கும் மேடை எல்லாம் வீட்டோடு ஒட்டியிருக்கும். ட்ரோன் படத்தில் அத்தனையும் கூரைதான். இறங்கி வந்து பார்த்தால்தான் எது அறை, எது வலைக் கொட்டகை என்று தெரியும். முன் அறையில் இட்லி கடை போட்டிருக்கும் அக்காவுக்கும் இதே நிலைதான். எட்டுக்குப் பத்து அடி இடம் மட்டும்தான் கடை. அந்த இடத்துக்கு மட்டும்தான் கடை விகிதம் வர வேண்டும், வீடு முழுவதுக்கும் வரக் கூடாது.

"அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய்தானே டீச்சர், இதுக்குப் போய் ஒரு நாள் கூலிய வுட்டுட்டு ஆபீசுக்கு அலையணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அலைய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்தப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய எண் அங்கேயே நிற்பதில்லை. குடிநீர் வாரியமும் தன் வரியை இதே ஆண்டு மதிப்பின் மேல்தான் போடுகிறது, ஆண்டுக்கு 7 சதவீதம். இங்கே பரப்பு தவறானால் அங்கேயும் தவறாகும். 2022 ஏப்ரலில் அரசு சொத்துவரியை உயர்த்தியபோது வீடு வீடாக வந்து புதிதாக மதிப்பிடவில்லை. ஏற்கெனவே இருந்த வரியின் மேல் இத்தனை சதவீதம் என்று ஏற்றினார்கள். எங்கள் பகுதி 2011இல்தான் சென்னையோடு சேர்ந்தது. அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகளை இணைத்து 174 சதுர கிலோமீட்டர் நகரத்தை 426 ஆக்கினார்கள். அதில் கத்திவாக்கம் நகராட்சியும் ஒன்று. நகராட்சிக் காலத்தில் பதிவேட்டில் ஒரு பிழை நுழைந்திருந்தால், அது இணைப்பைத் தாண்டி, உயர்வைத் தாண்டி, சதவீதத்தோடு வளர்ந்து இன்றைய பில்லில் இருக்கும். 2024இல் மேலும் 6 சதவீதம் ஏறியது. ஆண்டுதோறும் இதே 6 சதவீதம் ஏறினால் ஒரு தொகை 12 ஆண்டில் இரட்டிப்பாகும். பிழையும் கூடவே இரட்டிப்பாகும்.

2022 உயர்வில் ஒரு நல்லது உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பழைய சென்னைக்கும் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்கும் வேறு வேறு விகிதம் வைத்தார்கள். 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்குப் பழைய சென்னையில் 50 சதவீதம், எங்களுக்கு 25. அதற்கு மேல் 1,200 வரை எங்களுக்கு 50, 1,800 வரை 75, அதைத் தாண்டினால் 100. சிறிய வீட்டுக்குச் சிறிய உயர்வு என்பது சரியான எண்ணம்தான். ஆனால் எங்கள் வீடுகள் வளர்கிற விதத்தை அந்தப் படிக்கட்டு கணக்கில் எடுக்கவில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி போடுகிறோம். இரண்டாவது மகனுக்குப் பக்கத்தில் ஓர் அறை. மூன்று அடுப்பு எரியும், மூன்று குடும்ப அட்டை இருக்கும், வரிப் பதிவு மட்டும் அப்பா பெயரில் ஒன்றாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு குடும்பமும் 400 சதுர அடியில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. சேர்த்துப் பார்த்தால் 1,200 சதுர அடிப் பெரிய வீடு, பாதி மடங்கு உயர்வு. வரிப் பதிவைப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்கு முதலில் மனை நம் பெயரில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். இந்த வீட்டுக்கு நியாயமாக என்ன வாடகை வரும்?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் கறுப்புப் படிந்தது. பல நாள் இரவில் கதவைச் சாத்தினாலும் நெடி உள்ளே வந்தது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அரசு ஒரு குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இவை செய்தியில் வந்தவை. சாம்பல் செய்தியில் வராது. காற்று திரும்பும்போது கொடியில் காயும் துணியில் படியும், குடத்து நீரில் மிதக்கும். அந்த மின் நிலையம் அக்கரையில், மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. சாம்பல் எங்கள் வார்டுக்கு வருகிறது. அந்தக் கட்டடங்களின் சொத்துவரி எங்கள் மாநகராட்சிக்கு வராது.

வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து இங்கே என்ன வாடகை கொடுத்துக் குடியிருக்கும்? மணலியிலும் எர்ணாவூரிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களால் அறை வாடகை ஏறியிருக்கிறது, உண்மைதான். அந்தத் தேவை ஆற்றோரக் குப்பத்துக்கு வருவதில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருப்பதால் இங்கே நினைத்தபடி கட்டவோ மாற்றவோ முடியாது. இந்தத் தெருவில் வாடகைக்கு விட்டவர்கள் கைவிரல்களில் அடங்குவார்கள், அவர்களும் உறவுக்காரர்களுக்குத்தான் விட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டில் தெருவின் விகிதம் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, பயன்பாடு இருக்கிறது, வயது இருக்கிறது. எண்ணெய் வந்த தெரு, வாயு கசிந்த தெரு, வெள்ளம் நின்ற தெரு என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. வாடகையை அடிப்படையாக வைத்த ஒரு வரி, வாடகையைக் குறைக்கும் காரணங்களைப் பார்க்காமல் இருப்பது சட்டத்தின் சொல்லுக்கே பொருந்தாது. என் வாதம் இதுதான். இரக்கம் கேட்கவில்லை, சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்.

வரியே வேண்டாம் என்பவள் அல்ல நான். தெருவிளக்கும் குப்பை வண்டியும் மழைநீர் வடிகாலும் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. 1998க்குப் பிறகு 2018இல் ஏற்றி, 2019இல் நிறுத்தி, 2022இல் மறுபடியும் ஏற்றியதற்குள் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. 15ஆவது நிதிக்குழு மானியத்துக்கு வைத்த நிபந்தனைகளில் சொத்துவரியைச் சீரமைப்பதும் ஒன்று. ஏற்றியதில் எனக்குக் கோபம் இல்லை. யார் வீட்டுக்கு எதை வைத்து எவ்வளவு என்று சொல்லி ஏற்ற வேண்டும்.

வரி தவறு என்று தோன்றினால் என்ன செய்வது? அண்டை வீட்டாருக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கிடைத்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். ஆட்சேபனைக்கான கெடு நோட்டீஸிலேயே இருக்கும், நாள் கணக்கு அங்கிருந்து ஓடும். ஆணையருக்கு எழுதும் சீராய்வு மனுவைத் திருவொற்றியூரில் உள்ள மண்டல அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவில் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவில் "வரி அதிகம், குறைத்துத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் இருக்காது. பதிவேட்டில் இவ்வளவு பரப்பு, நான் அளந்ததில் இவ்வளவு, வாடகைக்கு இல்லை, நானே குடியிருக்கிறேன், கட்டிய ஆண்டு இது, கூரை இது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கையால் போட்ட வரைபடம் போதும், அறைக்கு அறை நீள அகலம் இருக்க வேண்டும். கரண்டு பில்லில் வீட்டு இணைப்பு என்று இருப்பதும், அதே முகவரியில் இருக்கும் குடும்ப அட்டையும் நல்ல சான்று. ஒரே தெருவில் ஒரே அளவுள்ள பக்கத்து வீட்டின் பில் நகல் கிடைத்தால் அதைவிட வலுவான சான்று இல்லை. உங்கள் வீட்டை எப்படி அளந்தார்கள் என்பது தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மதிப்பீட்டுக் கோப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபனைக் கெடுவை விட்டுவிடக் கூடாது. முதலில் மனு, கோப்பு பிறகு.

மனுவில் நியாயம் கிடைக்காவிட்டால் வரி மேல்முறையீடு, அதற்குப் பிறகு நீதிமன்றம். நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போனால், சட்டத்தில் இருக்கும் மேல்முறையீட்டை முடித்துவிட்டு வா என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரி கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பாக்கி ஏறும், வட்டி ஏறும், மேல்முறையீட்டில் உங்கள் பேச்சும் எடுபடாது. ஆட்சேபனையோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஏப்ரல் முடிவதற்குள், அக்டோபர் முடிவதற்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் பலர் மனு போடுவதில்லை. காரணம் சோம்பல் இல்லை, பயம். "மனு போட்டா பட்டா எங்கன்னு கேப்பாங்க, அப்புறம் வூட்டையே இல்லன்னுடுவாங்க" என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். நான்கு தலைமுறையாக இங்கே வாழும் குடும்பம். மண் புறம்போக்கு என்று ஆவணத்தில் இருக்கிறது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கையில் இருக்கும் ஒரே அரசாங்கக் காகிதம் அதுதான் என்பதும் தெரியும். கரண்டு இணைப்புக்கும் புயல் நிவாரணத்துக்கும் முகவரி என்று காட்ட அதைத்தான் காட்டுகிறார். அதனால் பில் எவ்வளவு வந்தாலும் பேசாமல் கட்டிவிடுகிறார். தவறான வரியைக் கட்டுவதே தனக்குப் பாதுகாப்பு என்று ஒரு குடிமகள் நினைக்கிற நிலை இது. எனக்கு இதில்தான் மனம் ஆறுவதில்லை. பரப்பு தவறு என்று சொல்பவரிடம் பட்டா கேட்பது முறையல்ல. வரி வாங்கும்போது கேட்காத பட்டாவைத் திருத்தம் கேட்கும்போதும் கேட்கக் கூடாது. இதை மாநகராட்சி எழுத்தில், மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பாகவே சொல்ல வேண்டும்.

இடத்தின் நிலையைப் பார்த்து மதிப்பிடுவதும், சேதம் வந்தால் மதிப்பைக் குறைப்பதும் மற்ற ஊர்களில் நடக்காத காரியங்கள் அல்ல. டெல்லியில் 2004இல் பரப்பலகு முறை வந்தபோது குடியிருப்புப் பகுதிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு காலனி எந்த வகையில் வர வேண்டும் என்பதைத் தனி மதிப்பீட்டுக் குழு பார்க்கிறது. கலிபோர்னியாவில் தீயோ வெள்ளமோ குறைந்தது 10,000 டாலர் சேதம் செய்தால், 12 மாதத்துக்குள் மனு கொடுத்து மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லலாம். மறுபடி கட்டி முடிக்கும்வரை குறைந்த வரிதான். எண்ணெய் படிந்த முகத்துவாரத்துக்கு அப்படி ஒரு விதி இங்கே ஏன் கூடாது?

திருவொற்றியூர் மண்டலத்தில் 14 வார்டுகள். வடக்கு ஓரத்தில் இருக்கும் எங்களுக்கு மண்டல அலுவலகம் போய் வர ஒரு நாள் போய்விடும், ரிப்பன் மாளிகை என்றால் சொல்லவே வேண்டாம். அரையாண்டு தொடங்குவதற்கு முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், குப்பத்து மீனவர் கூடத்திலேயே வருவாய்ப் பிரிவினர் ஒரு நாள் உட்காரட்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் படகுகள் எப்போது இறங்கும் என்று ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டு நாள் குறிக்கட்டும். காலை பத்து மணிக்கு வேண்டாம், அப்போது பெண்கள் மார்க்கெட்டில் இருப்பார்கள். மாலை நான்கு மணிக்குப் பதிவேட்டோடும் டேப்போடும் வரட்டும். வீட்டுக்காரர் முன்னிலையில் அளந்து, அளவை அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, அங்கேயே நகல் கொடுக்கட்டும். தெரு விகிதத்தை எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்பதையும் அன்று சொல்லட்டும். இந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் உண்மையில் என்ன கொடுக்கிறார்கள் என்று நாங்கள் சொல்கிறோம், எழுதிக்கொள்ளட்டும்.